இரண்டு டிஸ்க் இருந்தும் கணக்கு போவது ஏன்?

அமெரிக்காவின் வடமேற்குக் கோடியில் இருக்கிறது அலாஸ்கா மாநிலம். பனி சூழ்ந்த பூமி. ஆனால் மண்ணுக்கு அடியில் எண்ணெய் இருக்கிறது. அந்த எண்ணெய் வருமானத்தில் ஒரு பகுதியை, 1976-ம் ஆண்டில் ஏற்படுத்திய ஒரு நிதியில் மாநில அரசு சேர்த்து வருகிறது. அதில் கிடைக்கும் ஆதாயத்திலிருந்து மாநிலத்தில் குடியிருப்போருக்கு, கைக்குழந்தை உள்பட, ஆண்டுதோறும் ஒரு தொகை கொடுக்கப்படுகிறது. 2006-ம் ஆண்டுக்கு அந்தத் தொகை தலைக்கு 1,106 டாலர் 96 சென்ட்.

பணம் சும்மா வந்துவிடாது. மனு போட வேண்டும். பிறப்புச் சான்று, குடியிருப்புச் சான்று எல்லாம் இணைக்க வேண்டும். வெளி மாநிலத்தில் ரேஷன் கார்டுக்கு அலைந்த நம்மவர்களுக்கு இது புதிய சங்கதி அல்ல. தபாலில் வந்ததும் நேரில் கொடுத்ததுமான மனுக்களை அங்குள்ள குமாஸ்தாக்கள் பிரித்து, தாள் தாளாக ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். ஒன்பது மாத விவரம் சேர்ந்தது. சுமார் 8 லட்சம் படங்கள்.

2006 ஜூலை மாதம். கம்ப்யூட்டரில் வழக்கமான பராமரிப்பு வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு டெக்னீசியன், இந்த விவரங்கள் இருந்த ஹார்ட் டிஸ்க்கைத் தவறுதலாக அழித்துவிட்டார்.

போகட்டும், துணைக்கு இன்னொரு டிஸ்க் இருந்ததே! அதையும் அவர் கவனக்குறைவாக 'பார்மேட்' செய்துவிட்டார். அதாவது, புது டிஸ்க்கைப் போலத் துடைத்துவிட்டார்.

மூன்றாவது காவலாகக் காந்த நாடாவிலும் நகல் எடுத்து வைத்திருந்தார்கள். நாடாவை எடுத்து ஓட்டிப் பார்த்தார்கள். அதைப் படிக்க முடியவில்லை. மைக்ரோசாப்ட், டெல் ஆகிய பெரிய கம்பெனிகளின் நிபுணர்கள் வந்து சில நாட்கள் முயன்றார்கள். பயனில்லை.

கடைசியில் கைகொடுத்தது எது தெரியுமா? காகிதம்! மூல மனுக்கள் 300-க்கும் அதிகமான அட்டைப் பெட்டிகளில் தூங்கிக்கொண்டிருந்தன. பெட்டிகளை மறுபடி ஸ்கேன் அறைக்குக் கொண்டுவந்தார்கள். நிரந்தர ஊழியர்களும், மீண்டும் அழைக்கப்பட்ட தற்காலிக ஊழியர்களுமாகச் சுமார் 70 பேர், சனி ஞாயிறு பாராமல் ஓவர்டைம் பார்த்தார்கள். எல்லாத் தாளையும் திரும்ப ஏற்றி, இன்னாருடைய தாள் இன்னாருடைய பைலுக்கு என்று சேர்த்து, ஆகஸ்டு முடிவதற்குள் வேலையை முடித்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு உரிய தேதியில் பணம் போய்ச் சேர்ந்தது.

அரசுக்கு இதனால் ஏற்பட்ட கூடுதல் செலவு 2 லட்சத்து 20 ஆயிரத்து 700 டாலர். அதில் பாதிக்கு மேல் ஓவர்டைம் சம்பளம். டெக்னீசியன் மீதோ வேறு யார் மீதோ பழி போடவில்லை என்று அப்போதைய வருவாய்த் துறைத் தலைவர் பில் கார்பஸ் பின்னர் கூறினார். அது பெரிய மனது.

இரட்டை டிஸ்க்

அலாஸ்கா அரசாங்கத்தில் நடந்தது தாராவியில் உள்ள ஒரு தோல் பைப் பட்டறையிலும் நடக்கலாம். இன்று சின்ன ஆபீசிலும் கணக்கு கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. ஜி.எஸ்.டி. பில், சம்பளப் பட்டியல், ஊழியர்களின் ஆதார் நகல், பி.எப். விவரம் எல்லாம் அதற்குள். 'ஒரு டிஸ்க் கெட்டுப்போனால் என்ன செய்வது?' என்று பயந்த முதலாளி, இரண்டு டிஸ்க் போட்ட பெட்டி ஒன்றை வாங்கி வைக்கிறார். விற்பவர், "இனிமேல் கவலையே வேண்டாம், ஒன்று போனால் இன்னொன்று" என்று சொல்லிவிட்டுப் போகிறார். அந்தப் பெட்டியைக் கவனிக்கும் பொறுப்பு, பெரும்பாலும் கணக்கு எழுதும் குமாஸ்தா தலையில் விழுகிறது.

இந்த ஏற்பாட்டுக்கு 'மிர்ரர்' என்று பெயர். கண்ணாடி. கணக்கு எழுத எழுத, அதே கணத்தில் அதே எழுத்து இரண்டு டிஸ்க்கிலும் பதிவாகிறது. கம்ப்யூட்டர்காரர்கள் இதை 'ரெய்டு ஒன்று' என்றும் சொல்வார்கள். ரெய்டு என்றதும் வருமான வரிக்காரர்கள் நினைவுக்கு வரவேண்டாம்! கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவர் 1988-ல் எழுதிய கட்டுரையில் வந்த பெயர் அது. விலை குறைந்த பல டிஸ்க்குகளை ஒன்றாகக் கட்டி, ஒன்று பழுதானாலும் வேலை நிற்காமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று அவர்கள் எழுதினார்கள். இரட்டை டிஸ்க் வழக்கம் அதற்கு முன்பே உண்டு. அதற்கு ஒன்றாம் எண் கொடுத்தவர்கள் இவர்கள்.

டிஸ்க் ஏன் கெடுகிறது என்பதையும் பார்த்துவிடலாம். ஹார்ட் டிஸ்க்குக்குள் பளபளப்பான தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. தட்டின் மேல் காந்தப் பூச்சு. அதில் எழுதவும் படிக்கவும் ஒரு சின்னஞ்சிறு முனை தட்டைத் தொடாமல் மிதந்துகொண்டே இருக்கிறது. இடைவெளி, தலைமுடியின் தடிமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு தூசி நுழைந்தால் போதும், முனை தட்டை உரசும். உரசினால் காந்தப் பூச்சு சுரண்டப்பட்டுவிடும். 1956-ல் ஐ.பி.எம். கம்பெனி கொண்டுவந்த முதல் ஹார்ட் டிஸ்க்கில் 24 அங்குலத் தட்டுகள் 50 இருந்தன. அத்தனையும் சேர்ந்து 50 லட்சம் எழுத்துகளைத்தான் தாங்கின. இன்று செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவுக்கு அது காணாது.

கண்ணாடியின் குணம்

ஒரு டிஸ்க் செத்தால் இன்னொன்று வேலையைத் தொடர்கிறது. இதில் பொய் ஒன்றும் இல்லை. செத்ததைக் கழற்றிப் புதியதைப் போட்டால், உயிரோடு இருப்பதிலிருந்து எல்லாம் புதியதில் பிரதியாகிவிடும். ஆபீஸ் வேலை ஒரு மணி நேரம்கூட நிற்காது.

ஆனால் கண்ணாடிக்கு ஒரு குணம் உண்டு. முகத்தில் பொட்டு வைத்தாலும் காட்டும், கரி பூசினாலும் காட்டும். கணக்கைப் பதிந்தால் இரண்டிலும் பதியும். தவறுதலாக அழித்தால் இரண்டிலும் அழியும். வைரஸ் புகுந்து பைல்களைப் பூட்டிப் பணம் கேட்டால், இரண்டு டிஸ்க்கும் சேர்ந்தே பூட்டிக்கொள்ளும். பெட்டியோடு திருடுபோனால் இரண்டும் போகும்.

அமெரிக்காவில் 'ஜர்னல்ஸ்பேஸ்' என்று ஓர் இணையதளம் இருந்தது. பொதுமக்கள் தங்கள் அன்றாட அனுபவங்களை டைரி போல எழுதிவைக்கும் இடம். ஆறு ஆண்டுகள் நடந்தது. எழுதியவர்களின் டைரிகள் எல்லாம் ஒரே சர்வரில், இரட்டை டிஸ்க்கில் இருந்தன. வேறு நகல் கிடையாது. கண்ணாடியே நகல் என்று நினைத்துவிட்டார்கள். 2008 டிசம்பரில் இரண்டு டிஸ்க்கிலும் பழைய தகவல் மேல் புதிதாக எழுதப்பட்டுவிட்டது. கலிபோர்னியாவில் டிரைவ்சேவர்ஸ் என்ற பிரபல மீட்புக் கம்பெனிக்கு டிஸ்க்குகளை அனுப்பினார்கள். அவை இரண்டும் நல்ல நிலையில் இருந்தன. ஒரு கீறல் இல்லை. ஆனால் தகவலை மீட்க முடியாது என்று பதில் வந்தது. 2009 தொடக்கத்தில் தளத்தை மூடுவதாக அறிவித்துவிட்டார்கள்.

இதற்கு நேர்மாறான சம்பவம் ஒன்று உண்டு. 2003 பிப்ரவரி 1-ந்தேதி, கொலம்பியா விண்வெளி ஓடம் பூமிக்குத் திரும்பும்போது வானிலேயே சிதறியது. அரியானா மாநிலம் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா உள்பட 7 பேரும் பலியானார்கள். சிதறி விழுந்த பொருள்களில், ஒரு விஞ்ஞானச் சோதனையின் விவரம் பதிந்த ஹார்ட் டிஸ்க்கும் இருந்தது. தீயில் கருகி, வற்றிய ஓர் ஏரிப்படுகையில் மாதக்கணக்கில் கிடந்தது. பார்த்தால் உலோகக் கட்டி. அதை மீட்புக் கம்பெனி ஒன்று பிரித்து, தட்டுகளைச் சுத்தம் செய்து, வேறு பெட்டியில் பொருத்திப் படித்தது. 99 சதவீதம் கிடைத்துவிட்டது! செனான் என்ற வாயுவைக் கலக்கும்போது அதன் பிசுபிசுப்பு எப்படி மாறுகிறது என்பதற்கான சோதனை அது. அதன் முடிவு 2008-ல் வெளியாயிற்று.

வானத்திலிருந்து விழுந்த டிஸ்க் பேசியது. மேசை மேல் பத்திரமாக இருந்த இரண்டு டிஸ்க் ஊமையாகிவிட்டது. காரணம் என்ன?

பதிவேடும் அலமாரியும்

பழைய ஆபீஸ் ரிக்கார்டு ரூமை நினைத்துப் பாருங்கள். அலமாரிகளில் கட்டுக்கட்டாகப் பைல்கள். வாசலில் ஒரு பதிவேடு. எந்தப் பைல் எந்த அலமாரியில், எந்தத் தட்டில் என்று அதில் குறித்திருக்கும். கம்ப்யூட்டர் ஒரு பைலை 'அழித்தேன்' என்று சொல்லும்போது ஹார்ட் டிஸ்க்கில் நடப்பது, பதிவேட்டில் அந்த வரியை அடிப்பது மட்டுமே. கட்டு அலமாரியிலேயே இருக்கிறது. 'இந்த இடம் காலி, யார் வேண்டுமானாலும் வைக்கலாம்' என்ற குறிப்புதான் புதிது.

அவசர பார்மேட் என்று ஒன்று உண்டு. அது பழைய பதிவேட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, வெற்றுப் பதிவேடு ஒன்றை வாசலில் வைக்கிறது. சில விநாடிகளில் முடிந்துவிடும். அலமாரியில் உள்ளதைத் தொடுவதில்லை. அதனால்தான் பார்மேட் செய்த டிஸ்க்கிலிருந்தும் பெரும்பகுதியை எடுக்க முடிகிறது.

முழு பார்மேட் வேறு. விண்டோஸ் எக்ஸ்.பி. காலம்வரை முழு பார்மேட் என்பது கெட்ட இடங்களைத் தேடிப் பார்ப்பதோடு சரி. அதன்பின் வந்த விஸ்டாவிலிருந்து முறை மாறிவிட்டது. டிஸ்க் முழுவதும் பூஜ்யமாக எழுதிக்கொண்டே போகிறது. பல மணி நேரம் ஆகும். முடிந்தபின் மீட்க ஒன்றும் இராது. ஒருமுறை மேலெழுதினாலே போதும், இன்றைய ஹார்ட் டிஸ்க்கில் பழையதை யாராலும் எடுக்க முடியாது. ஏழு முறை, முப்பத்தைந்து முறை அழிக்க வேண்டும் என்பதெல்லாம் பழைய காலத்து எச்சரிக்கை.

ஆகவே விபத்து நடந்தபின் தகவலுக்கு முதல் எதிரி, அதன்பின் அந்த டிஸ்க்கில் எழுதப்படும் ஒவ்வொரு எழுத்தும்தான். கம்ப்யூட்டர் சும்மா ஓடிக்கொண்டிருந்தாலே தனக்கு வேண்டியதை எழுதிக்கொண்டிருக்கும். மீட்கும் சாப்ட்வேரை இறக்கி, அதே டிஸ்க்கில் ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். காணாமல் போன பைலின் தலையிலேயே அது போய் உட்காரும்! மின்சாரத்தை நிறுத்திவிட்டு டிஸ்க்கைக் கழற்றுவதுதான் முதல் வேலை. கழற்றும்போது இது மேல் அறை, இது கீழ் அறை என்று மார்க்கர் பேனாவால் எழுதிவிட வேண்டும்.

செக்யூரிட்டி வேலையில் இருப்பவர்கள் கவனிக்க: சி.சி.டி.வி. பெட்டி, இடம் நிரம்பியதும் பழைய நாள் படத்தின் மேலேயே புதியதை எழுதும்படி அமைந்தது. திருட்டோ விபத்தோ நடந்தால், போலீசார் வரும்வரை பெட்டியை ஓடவிட்டால் வேண்டிய படம் அழிந்துகொண்டே போகலாம். மேலதிகாரியிடம் சொல்லி அந்த நாள் படத்தை உடனே பிரதி எடுக்கச் சொல்ல வேண்டும்.

இரண்டு கிழிசல், ஒரு முழுத் துணி

சரி, இரட்டை டிஸ்க்கில் மீட்பு எப்படி நடக்கிறது?

தெரிந்த மெக்கானிக் முதலில் மூல டிஸ்க்கில் கை வைக்கமாட்டார். அதை அப்படியே, காலி இடம் உள்பட, புதிய டிஸ்க்கில் பிரதி எடுப்பார். அதன்பின் எல்லா வேலையும் பிரதியில்தான். ஹார்ட் டிஸ்க்கில் தகவல் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பதிகிறது. கட்டத்துக்கு 512 எழுத்து என்று வைத்துக்கொண்டால், ஒரு டெராபைட் டிஸ்க்கில் சுமார் 195 கோடி கட்டங்கள். சாகக்கிடக்கும் டிஸ்க்கில் சில கட்டங்கள் படிக்கவே வராது. அங்கேயே நின்று மல்லுக்கட்டினால் மிச்ச உயிரும் போய்விடும். 'டிடிரெஸ்க்யூ' என்ற இலவச சாப்ட்வேர் இதில் சாமர்த்தியசாலி. நல்ல பகுதிகளை முதலில் வாரிக்கொள்ளும். முரண்டு பிடிக்கும் கட்டங்களை ஒரு பட்டியலில் குறித்து வைத்துக்கொண்டு, கடைசியில் திரும்ப வந்து முயலும்.

கண்ணாடி ஏற்பாட்டின் அருமை இங்கேதான் தெரிகிறது. இரண்டு டிஸ்க்கும் பழுதானாலும், இரண்டும் ஒரே கட்டத்தில் பழுதாவது அபூர்வம். முதல் டிஸ்க்கில் படிக்க முடியாத ஆயிரம் கட்டங்களை இரண்டாவது டிஸ்க்கிலிருந்து எடுத்து நிரப்பிவிடலாம். இரண்டு கிழிசலைச் சேர்த்து ஒரு முழுத் துணி! உ.வே.சாமிநாதையர் ஓர் ஏட்டில் செல்லரித்துப்போன இடத்தை வேறு ஊரில் கிடைத்த ஏட்டைப் பார்த்து நிரப்பினாரே, கிட்டத்தட்ட அதே வேலை. 1887-ல் அவர் சீவக சிந்தாமணியை அச்சேற்றியது அப்படித்தான்.

ஆனால் ஒரு நிபந்தனை. இரண்டு டிஸ்க்கும் கடைசி நிமிடம்வரை ஒன்றாக நடந்திருக்க வேண்டும். நடைமுறையில் பல இடங்களில் அப்படி இருப்பதில்லை. ஒரு டிஸ்க் மூன்று மாதத்துக்கு முன்பே சத்தமில்லாமல் விலகியிருக்கும். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்திருக்கும். 'பீப் பீப்' என்று கத்தியிருக்கும். தொந்தரவாக இருக்கிறதென்று யாரோ சத்தத்தை நிறுத்தியிருப்பார்கள். மிச்சம் ஒன்றே ஓடிக்கொண்டிருந்து, ஒரு நாள் அதுவும் நின்ற பிறகுதான் விஷயம் தெரியும். அப்போது விலகிய டிஸ்க்கைப் போட்டால் கம்ப்யூட்டர் உயிர் பெறும், கணக்கும் தெரியும். எல்லோரும் மகிழ்ந்து மூச்சு விடுவார்கள். ஆனால் அது மூன்று மாதப் பழைய கணக்கு! தெரியாமல் அதில் இன்றைய பில்லைப் பதிய ஆரம்பித்தால் குழப்பம் இரட்டிப்பாகும். அந்த இரண்டின் கட்டங்களையும் கலந்து நிரப்பினால் ஒரு பைலும் உருப்படியாக இராது. தேதி பார்த்துத்தான் எதையும் செய்ய வேண்டும்.

அந்தப் பழைய டிஸ்க்கே சில சமயம் தெய்வம் மாதிரி வந்து காப்பாற்றுவதும் உண்டு. நேற்று தவறுதலாக அழித்த பைல், மூன்று மாதத்துக்கு முன்பு விலகிய டிஸ்க்கில் அப்படியே இருக்கும். அது அதிர்ஷ்டம்.

விழும் குழிகள்

மீட்க முடிந்த தகவலை மீட்க முடியாததாக ஆக்குவது, பெரும்பாலும் அவசரப்பட்ட கைதான்.

முதல் குழி: பெட்டி நின்றுவிட்டது என்று டிஸ்க்கைக் கழற்றி விண்டோஸ் கம்ப்யூட்டரில் செருகிப் பார்ப்பது. இரட்டை டிஸ்க் பெட்டிகள் பலவற்றில் உள்ளே ஓடுவது லினக்ஸ். அதன் பதிவேட்டு முறை விண்டோசுக்குப் புரியாது. புரியாததால், 'இந்த டிஸ்க்கை உபயோகிக்கும் முன் பார்மேட் செய்ய வேண்டும், செய்யலாமா?' என்று பணிவாகக் கேட்கும். இங்கேதான் பலர் 'சரி' என்று அழுத்திவிடுகிறார்கள். 'வேண்டாம்' என்று அழுத்த வேண்டும். லினக்ஸ் தெரிந்தவர் கையில் கொடுத்தால், நல்ல நிலையில் உள்ள ஒற்றை டிஸ்க்கையே தனியாகப் படித்துவிடுவார். மிர்ரரில் ஒவ்வொரு டிஸ்க்கும் முழுப் பிரதி என்பதுதான் இதற்குக் காரணம். தகவலைத் துண்டு துண்டாகப் பல டிஸ்க்குகளில் பரப்பும் மற்ற ரெய்டு வகைகளில் இந்த வசதி கிடையாது.

இரண்டாவது குழி, திசை மாறுவது. புது டிஸ்க்கைப் போட்டபின் பிரதி எடுக்கச் சொல்லும்போது, எது மூலம், எது காலி என்று சில பெட்டிகள் கேட்கும். மாற்றிச் சொன்னால், காலி டிஸ்க்கின் வெறுமையை நல்ல டிஸ்க்கின் மேல் அப்படியே பிரதி எடுத்துவிடும். கண்ணாடி தன் கடமையைச் செய்துவிட்டது!

அடுத்தது, ஒரே நாளில் வாங்கிய ஜோடி. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே அளவு ஓட்டம். ஒன்று வயதாகிச் செத்தால் மற்றதும் கிழம்தான். 4 டெராபைட் டிஸ்க்கைப் புதியதற்குப் பிரதி எடுக்க ஏழெட்டு மணி நேரமாவது ஆகும். அத்தனை நேரமும் கிழ டிஸ்க் மூச்சு விடாமல் ஓட வேண்டும். பல டிஸ்க்குகள் அந்த ஓட்டத்தில்தான் விழுகின்றன. ஆகவே புது டிஸ்க்கைச் செருகும் முன், முக்கியமான கணக்கை மட்டும் வேறு இடத்துக்குப் பிரதி எடுத்துவிடுவது நல்லது.

'டக் டக்' என்று சத்தம் போடும் டிஸ்க்கைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பதும் கூடாது. முனை தட்டில் அடிக்கிற சத்தமாக அது இருக்கலாம். பிரிட்ஜில் வைத்து எடுத்தால் ஓடும் என்று ஒரு கைவைத்தியம் உலவுகிறது. உள்ளே நீர்த்துளி படிந்து, இருந்ததும் போகும். தட்டித் தட்டிப் பார்ப்பவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கடைக்குப் போகும்போது

மும்பையில் லேமிங்டன் ரோடு, பெங்களூரில் எஸ்.பி. ரோடு, டெல்லியில் நேரு பிளேஸ். கம்ப்யூட்டர் பழுதானால் நம்மவர்கள் போகும் இடங்கள் இவை. டிஸ்க்கை மீட்டுத் தருவதாகப் பலகை மாட்டிய கடைகள் அங்கே உண்டு. கைதேர்ந்தவர்களும் இருக்கிறார்கள், கையில் ஸ்குரூ டிரைவர் இருப்பதே தகுதி என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள்.

பேச்சுக் கொடுத்துப் பார்த்தால் ஆள் யார் என்று தெரிந்துவிடும். 'முதலில் பிரதி எடுப்பீர்களா, நேராக மூல டிஸ்க்கிலேயே வேலை செய்வீர்களா?' என்று கேட்க வேண்டும். 'டிஸ்க்கைத் திறக்க வேண்டுமானால் எங்கே வைத்துத் திறப்பீர்கள்?' என்பது அடுத்த கேள்வி. தூசி வடிகட்டிய காற்றுள்ள தனி அறையில்தான் அதைத் திறக்கலாம். முனை கெட்டிருந்தால் அதே மாடல் டிஸ்க் ஒன்றிலிருந்து முனையை எடுத்துப் பொருத்துவார்கள். ரோட்டோரக் கடையின் மேசையில், மின்விசிறிக்குக் கீழே மூடியைக் கழற்றுகிறவரிடமிருந்து டிஸ்க்கை வாங்கிக்கொண்டு வந்துவிடுவது உத்தமம்.

இரண்டு டிஸ்க்கையும் கொண்டுபோக வேண்டும். 'இது கெட்டது' என்று ஒன்றை வீட்டில் வைத்துவிட்டுப் போகக்கூடாது. அதில் படிக்க முடிகிற கட்டங்கள்தான் மற்றதன் ஓட்டைகளை அடைக்கப் போகின்றன. முடிந்தால் பெட்டியும் உடன் போகட்டும். எது முதலில் நின்றது, எப்போது, அதன்பின் யார் என்ன செய்தார்கள் என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். முதலாளிக்குப் பயந்து, 'நான் ஒன்றும் செய்யவில்லை, அதுவாகவே நின்றது' என்று சொல்லுகிற குமாஸ்தா, மெக்கானிக்கைத் தவறான பாதையில் அனுப்புகிறார். பார்மேட் செய்துவிட்டேன் என்று முதலிலேயே சொன்னால் அவர் தேடும் முறையே வேறு.

பதிவேடு முழுதும் போயிருந்தாலும் ஒரு வழி உண்டு. போட்டோ, பி.டி.எப். போன்ற பைல்கள் எல்லாம் தமக்கென்று ஒரு தொடக்க முத்திரையோடு ஆரம்பிக்கின்றன. பி.டி.எப். பைலின் தலைப்பில் அதன் பெயரே எழுதியிருக்கும். 'போட்டோரெக்' போன்ற இலவச சாப்ட்வேர்கள் டிஸ்க் முழுவதும் இந்த முத்திரைகளைத் தேடிப் பைல்களைப் பிடுங்கி எடுக்கும். ஆனால் பெயரும் தேதியும் இராது. நாற்பதாயிரம் பைல்கள் எண்ணிட்டு வந்து விழும். எது எந்த பில் என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டியதுதான். அலாஸ்காக்காரர்கள் 300 பெட்டியைப் பிரித்தது போன்ற வேலை.

பணம் கொடுக்கும் முன், கிடைத்த பைல்களின் பட்டியலைக் கேட்டு வாங்கி, நாலைந்தைத் திறந்து பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டியலில் பெயர் இருந்தும் பைல் திறக்காமல் போவது சகஜம். டிஸ்க்கில் ஊழியர்களின் ஆதார், பான் கார்டு நகல்கள் இருந்தால், வேலை முடிந்தபின் கடையில் உள்ள பிரதியை அழித்துவிடும்படி எழுத்தில் கேட்பதிலும் தவறில்லை.

புதிய கம்ப்யூட்டர்களில் சுழலும் தட்டு இல்லாத எஸ்.எஸ்.டி. வருகிறது. வேகம் அதிகம். கீழே விழுந்தாலும் எளிதில் கெடாது. ஆனால் மேலே சொன்ன ரிக்கார்டு ரூம் உதாரணம் அதற்குப் பொருந்தாது. பைலை அழித்ததும், 'இந்த இடம் இனி வேண்டாம்' என்று கம்ப்யூட்டர் அதற்குத் தெரிவித்துவிடுகிறது. ஓய்வு நேரத்தில் அது தானாகவே அந்த இடத்தைக் காலி செய்துவிடும். அழித்ததை மீட்கும் வாய்ப்பு அதில் மிகக் குறைவு.

மூன்றாவது டிஸ்க்

இரட்டை டிஸ்க் வேண்டாம் என்று இதற்குப் பொருள் அல்ல. வேலை நிற்காமல் நடக்க அது வேண்டும். பழையதைத் திரும்பப் பெற, கண்ணாடிக்கு வெளியே ஒரு நகல் வேண்டும். சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் யு.எஸ்.பி. டிஸ்க் இதற்குப் போதும். வெள்ளிக்கிழமை மாலை செருகி, கணக்கைப் பிரதி எடுத்ததும் கழற்றிவிட வேண்டும். செருகியபடியே விட்டால் வைரஸ் அதையும் பூட்டிவிடும். கழற்றியதை அதே மேசை டிராயரில் வைக்காமல், முதலாளி வீட்டிலோ வேறு கிளையிலோ வைப்பது நல்லது. மும்பையில் ஒரு மழை நாள் போதும், தரைத்தள ஆபீசில் இடுப்பளவு தண்ணீர் நிற்க. ஆபீசில் இணைய வசதி இருந்தால், வெளியே கூகுள் டிரைவ் போன்ற ஓர் இடத்திலும் ஒரு பிரதி போட்டுவைக்கலாம்.

இரண்டு யு.எஸ்.பி. டிஸ்க் இருந்தால் இன்னும் சௌகரியம். இந்த வாரம் ஒன்று, அடுத்த வாரம் மற்றது. புதன்கிழமை அழிந்துபோன பேரேட்டை வெள்ளிக்கிழமை யாரும் கவனிக்காமல் பிரதி எடுத்துவிட்டாலும், போன வார டிஸ்க்கில் அது முழுதாக இருக்கும்.

டிஸ்க்கின் மேல் ஒரு சீட்டு ஒட்டி, பிரதி எடுத்த தேதியையும் எடுத்தவர் பெயரையும் எழுதிவைக்க வேண்டும். மாதம் ஒருமுறை, ஆபீஸ் கம்ப்யூட்டரில் அல்லாமல் வேறு ஒன்றில் செருகி, பழைய சம்பளப் பட்டியல் ஒன்றைத் திறந்து, கடைசிப் பக்கம்வரை வருகிறதா என்று பார்க்க வேண்டும். பத்து நிமிட வேலை. பார்த்த தேதியையும் அதே சீட்டில் எழுதிவிடலாம்.